மன்றோக்களைப் பற்றி மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் ஆஸ்பத்திரி வார்டிலேயே மன்றோ என்ற குடும்பப் பெயரோடு மூன்று பேர் இருப்பதாகவும், சென்னையில் குதிரை மேல் சிலையாக இருக்கும் நம் மன்றோவுக்கு இவர்கள் சொந்தமா என்றும் கேட்டிருந்தாய். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவனிடம் மன்றோவைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் பதில் வருமா?

ஸ்காட்லாந்தில் நீ இருக்கும் இன்வர்னஸுக்குக் கொஞ்சம் வடக்கேதான் மன்றோ குலத்தாரின் பூர்வீக நிலம். ஃபவுலிஸ் கோட்டை அவர்கள் தலைவரின் வீடு. நடுக்கோடையில் அரசர் கேட்டாலும் பென் விவிஸ் மலையிலிருந்து ஒரு பனி உருண்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், அந்த நிலத்துக்கு அதுதான் குத்தகை என்று ஒரு பழங்கதை உண்டு. தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவருடைய குலப்பெயரைப் போட்டுக்கொள்வது அந்த நாட்டு வழக்கம். அதனால் உன்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்றில்லை.

உன் தொழிலுக்கு நெருங்கிய மன்றோக்களும் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த அப்பா, மகன், பேரன் மூவருக்கும் அலெக்சாண்டர் மன்றோ என்றே பெயர். 1720-லிருந்து 1846 வரை அந்தப் பேராசிரியர் நாற்காலி அந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை.

சரி, நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஹெக்டர் மன்றோவைப் பற்றி. 1764-இல் பீகாரின் பக்சாரில் ஜெயித்த, கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி. ஆனால் 1780-இல் ஹைதர் அலியின் படை காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் பெய்லி என்ற கம்பெனி அதிகாரியின் படையைச் சுற்றி வளைத்து அழித்தபோது, இவர் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அடுத்த வருடம், 1781-இல், டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது இவர்தான். ஆமாம், நம் ஊரைத்தான்.

அப்புறம் ஊருக்குப் போய், ஆல்னஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஃபயரிஷ் என்ற குன்றின் உச்சியில் ஒரு சின்னம் கட்டினார். நடுவில் வளைவுகள், இரண்டு பக்கமும் தூண்கள். அது நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலைப் போலக் கட்டியது என்று சொல்கிறார்கள். பஞ்சத்தில் இருந்த உள்ளூர் ஜனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றுதான் அந்த வேலையையே தொடங்கினாராம். மேலே கொண்டு போன கற்களை மறுபடி கீழே உருட்டிவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் சம்பளம் கிடைக்க வழி செய்தார் என்றுகூட அங்கே கதை இருக்கிறது. பசித்தவர்களுக்குக் கூலி கிடைத்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு ஊரைப் பிடித்த வெற்றிக்கு அடையாளமாக நிற்கும் வாசல் அது. அந்த ஊர்க்காரி நீ. அங்கே போகும்போது இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார். அவருடைய மகன் 1792-இல் வங்காளத்தின் சாகர் தீவில் புலி அடித்துச் செத்துப்போனான். அந்த அப்பாவை நினைத்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது.

சென்னையில் சிலையாக இருப்பவர் தாமஸ் மன்றோ, ஆள் வேறு. 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் அப்பாவின் புகையிலை வியாபாரம் நொடித்துப்போனது. கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஹெக்டரின் படையில் 19 வயதில் இருந்தவர் இவர். 1792-லிருந்து ஏழு வருடம் பாராமகாலில், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம், ரீட் என்ற அதிகாரியின் கீழ் நிலத்தை அளந்து வரி போடக் கற்றுக்கொண்டார். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியும் நேராக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறை அங்கிருந்து வளர்ந்ததுதான். பட்டாவில் உழுகிறவன் பெயர் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்காக அவரை நான் மதிக்கிறேன். வரி பாரமாகத்தான் இருந்தது. கடப்பை, பெல்லாரிப் பக்கம் கால் பங்கு குறைக்கச் சொல்லி அவரே 1807-இல் எழுதினார். சென்னை மாகாண கவர்னராக இருக்கும்போதே, 1827-இல், இன்றைய ஆந்திராவின் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

கேரளத்தில் கொல்லத்துப் பக்கம் மன்றோத்துருத்து என்ற தீவு இருக்கிறதே, அதற்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. அது திருவிதாங்கூரில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக, இருந்த ஜான் மன்றோவின் பெயர். 1877-இல் பூஞ்சார் அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்த ஜான் டேனியல் மன்றோ இன்னொருவர். மூணாறில் நம் ஜனங்கள் இத்தனை தலைமுறையாகக் கொழுந்து பறிப்பது அந்த மலையில்தான். நம் ஊர்ப் பேச்சில் இவர்கள் எல்லாரையும் ஒரே மன்றோவாக்கிவிடுகிறார்கள். நீயாவது பிரித்துச் சொல்.

உன் தோழிகள் "மன்றோ ஏறப் போகலாம்" என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தாயே, அது ஹியூ மன்றோவின் பெயர். 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளை 1891-இல் பட்டியல் போட்டவர். அந்த மலைகளைத்தான் மன்றோ என்கிறார்கள், இன்றைய கணக்கில் 282. எல்லாவற்றையும் ஏறி முடிக்காமலே 1919-இல் போய்ச் சேர்ந்தார். குளிர்காலத்தில் அந்த உயரத்துக்கெல்லாம் நீ போக வேண்டாம். ஃபயரிஷ் அதில் பாதி உயரம்கூட இல்லை. மே மாதத்தில் ஒரு லீவு நாளில் தோழிகளோடு போய்விட்டு வா. வளைவுகளைக் கிட்டத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பு. கல் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா