டி.சி. வந்துவிட்டது, பையன்?

ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்களைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள். திரும்பி வருகிறவர்களையும், அவர்கள் கையைப் பிடித்து வரும் பிள்ளைகளையும் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள். நான் இங்கே ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை.

ஜனவரியில் நாலாம் வகுப்புக்குத் திருப்பூரிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் குடும்பமே ஊருக்கு வந்துவிட்டது. சேர்க்கை அரை நாள் வேலைதான். மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளமான எமிஸில், பழைய பள்ளி விடுவித்த பிள்ளைகளின் பொதுப் பட்டியலான காமன் பூலிலிருந்து பெயரை இழுத்தால் எல்லா விவரமும் வந்துவிடும். டி.சி. தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சரி, பதிவு வந்துவிட்டது. பையன் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளை நிலை பிரித்து எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அவனை முதல் நிலையான 'அரும்பு' நிலையில் உட்கார வைத்தேன்.

முதல் நாள் அவன் கொங்குப் பேச்சில் "ஏனுங்க டீச்சர்" என்றதற்கு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயரே 'ஏனுங்க' ஆகிவிட்டது. அன்று நானும் சிரித்தேன்.

ஒரு நாள் கபடி ஆடும்போது சட்டை விலகியது. அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி. திருப்பூர் காம்பவுண்டு வீட்டுச் சாவி. வீட்டுக்காரரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை இவன் வைத்துக்கொண்டான். அம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு மேல் வரும்வரை, தங்கச்சிக்குச் சோறு போட்டு, உள்ளே தாழ்போட்டுக்கொண்டு இருப்பானாம். எங்கள் ஊரில் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. அவனுக்கு அதுதான் பயம். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறான் என்றார் அவன் அப்பத்தா. "போகப் போகச் சரியாயிரும் டீச்சர், திருநீறு போட்டிருக்கேன்."

பல பிள்ளைகளுக்குச் சரியாகத்தான் போகிறது. கண்மாய்க் குளியலும் நாலு கூட்டாளிகளும் போதும். மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டுக் கிடக்கிற பிள்ளையை எங்கே காட்டுவது? மனநல ஆலோசனைக்கு 14416 டெலி மனாஸ் என்ற அரசுத் தொலைபேசி உதவி இருக்கிறது, நல்ல சேவை. ஒன்பது வயதுப் பையன் போனில் என்ன சொல்வான்? நேரில் காட்ட ராமநாதபுரம் போக வேண்டும்; அப்பத்தாவுக்கு அன்றைய நூறு நாள் வேலைச் சம்பளம் போச்சு.

வட்டார வள மையத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். வீடு தேடியும் போகிறார்கள். அதே ஏற்பாட்டில் குழந்தைகள் மனநலம் தெரிந்த ஒருவரையும் போட்டு, மாதம் ஒரு முறை பள்ளிக்கு அனுப்பலாம். வேறு மாவட்டத்திலிருந்து நடு ஆண்டில் வரும் பிள்ளையிடமும் வீட்டிலும் வகுப்பாசிரியர் பேசினாரா என்று எமிஸில் ஒரு வரி கேட்கலாம். செருப்பு அளவு வரை ஏற்றுகிறோமே!

பையன் இப்போது அடுத்த நிலையான 'மொட்டு' நிலைக்கு வந்துவிட்டான். சாவி இன்னும் கயிற்றில்தான் இருக்கிறது. நான் கழற்றச் சொல்லவில்லை.

ஓர் ஆசிரியை,
முதுகுளத்தூர் வட்டாரம்