மச்சாள், அந்தத் தலைமுடி பற்றி

அன்புள்ள மச்சாள்,

இடுப்பளவு முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து, "கொழும்பு வெக்கைக்கு இதுதான் சரி" என்றீர்கள். நாங்களும் நம்பினோம். போன கிழமைதான் கதவிடுக்கில் பார்த்தேன். சீப்புப் பிடித்த கை காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கித் தூக்கினீர்கள். இரண்டு இழுப்பு. அப்புறம் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துவிட்டீர்கள்.

அண்ணாவின் கலியாணத்துக்கு மறுநாள் குசினியில் அம்மாவிடம் நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கும். "மண்டபத்தில் நாலு மணித்தியாலம் நிற்க ஏலும், வேலைக்குப் போக மட்டும் ஏலாதாக்கும்." அதற்குப் பிறகு நீங்கள் ஒரு விசேஷத்துக்கும் வரவில்லை. அந்த நாலு மணித்தியாலத்துக்காக மூன்று நாள் படுத்துக் கிடந்தீர்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. மன்னியுங்கள்.

உங்களுக்கு இருப்பது பைப்ரோமயல்ஜியா, உடம்பெல்லாம் நீண்ட நாள் நோகிற வருத்தம். அதில் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் வலியைக் கூட்டிக் காட்டுகின்றன. மெல்லத் தொட்டாலும் நோகலாம். ரிப்போர்ட் சுத்தமாக வந்த அன்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், நீங்கள் அழுதீர்கள். ஏனென்று இப்போதுதான் விளங்குகிறது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்குத் தந்த வரைவிலக்கணத்தோடு சேர்த்தே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை.

"வெளியில் சொல்லாதே, சம்பந்தம் குழம்பும்" என்று மாமி வாயை அடைத்தா. அதனால் 100ஆம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே போனீர்கள். பார்க்க நல்லாத்தானே இருக்கிறீர்கள், யார் சீட் தருவார்கள்? சோம்பேறி இல்லை என்று எங்களுக்குக் காட்டவே, கொஞ்சம் சுகமான நாளில் தேங்காய் திருவி, உடுப்புத் தோய்த்து, வீடு முழுக்கக் கூட்டுவீர்கள். அடுத்த நாள் எழும்ப ஏலாது. அந்தப் பாதி நோவு நாங்கள் தந்தது என்றே நினைக்கிறேன்.

மாமியோடு நான் கதைக்கிறேன். திருவலையை என் பக்கம் எடுத்து வைத்துவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் மரைன் டிரைவ் பக்கம் போவோமா? முதலாவது ஒழுங்கை வரைக்கும் போதும். நீங்கள் "காணும்" என்ற இடத்தில் திரும்புவோம், ஏன் என்று கேட்க மாட்டேன்.