பயாஃப்ரா நோட்டு வாங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நைஜீரியாவின் கிழக்குப் பகுதி பிரிந்துபோய் 1967 முதல் 1970 வரை மட்டும் நீடித்த நாடு பயாஃப்ரா. அதன் ஒரு பவுண்டு நோட்டின் படத்தை நீ அனுப்பியிருந்தாய், பார்த்தேன். பனைமரமும் உதயசூரியனும் பளிச்சென்று தெரிகின்றன (நம்மூர்க் கட்சிச் சின்னம் இல்லை, பயாஃப்ராவின் கொடியிலும் பாதிச் சூரியன்தான், பதினோரு கதிர்களோடு). ஐம்பது வருஷத்துக்கு மேலான நோட்டில் ஒரு மடிப்புகூட இல்லையே, போலியோ என்று கேட்டிருந்தாய். படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் கசங்கவில்லை என்பதற்காக மட்டும் சந்தேகப்படாதே. அந்த நோட்டு புழங்கியதே இரண்டு வருஷத்துக்கும் குறைவு.

1966இல் நைஜீரியாவின் வடக்கே இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் லட்சக்கணக்கில் தங்கள் சொந்தப் பகுதியான கிழக்கே திரும்பினார்கள். 1967 மே 27 அன்று ராணுவ ஆட்சியாளர் கோவோன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார். கிழக்கு மூன்றாக உடைந்தது. போர்ட் ஹார்கோர்ட் துறைமுகமும் எண்ணெய் வயல்களில் பெரும்பங்கும் இக்போ மாநிலத்துக்கு வெளியே போய்விட்டன. மூன்றே நாளில், மே 30 அன்று, கிழக்குப் பகுதியின் ராணுவ ஆளுநர் ஒஜுக்வு அதைப் பயாஃப்ரா என்ற தனிநாடாக அறிவித்தார். ஜூலை 6 அன்று போர் தொடங்கியது.

புது நாட்டுக்குச் சொந்தப் பணம் இல்லை. நைஜீரிய பவுண்டுதான் ஓடியது. மத்திய வங்கிக் கிளைகளில் கைப்பற்றிய நோட்டுகளை ஐரோப்பாவில் தள்ளுபடி விலைக்கு விற்று ஆயுதம் வாங்கினார்கள். அன்றைய தலைநகர் லாகோஸில் இருந்த நைஜீரிய அரசு இதை ஒரே அடியில் நிறுத்தியது. 1968 ஜனவரியில் நோட்டுகளை மாற்றுவதாக அறிவித்து, பழையவற்றை ஒப்படைக்க 22ஆம் தேதி வரைதான் கெடு கொடுத்தது. 'செல்லாது' என்ற அறிவிப்பு என்ன செய்யும் என்பதை 2016 நவம்பரைப் பார்த்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. பயாஃப்ராவின் கையிருப்பில் பெரும்பகுதி வெறும் காகிதமானது. ஜனவரி 29 அன்று அவசரமாகச் சொந்த நோட்டு வந்தது: 5 ஷில்லிங், 1 பவுண்டு. நாட்டுக்கு வெளியே அதை வாங்க ஆளில்லை.

பசியின் கணக்கு வேறு. மரவள்ளியும் யாம் என்ற வள்ளிக்கிழங்கு வகைகளும் உள்ளேயே விளைந்தன, அதனால் மாவுச்சத்துக்கு ஓரளவு வழி இருந்தது. மாட்டிறைச்சி வடக்கிலிருந்தும் கருவாடு நார்வே போன்ற இடங்களிலிருந்தும் வந்துகொண்டிருந்தவை. 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் விழுந்ததும் கடல் வழி முடிந்தது, புரதம் நின்றது, உப்புக்கும் தட்டுப்பாடு. வயிறு வீங்கி, முடி செம்பட்டையாகிப் போன குழந்தைகளின் படங்களைப் பார்த்திருப்பாய். அந்த வீக்கம் புரதக் குறைவால் உடம்பில் நீர் கோத்து வருவது. க்வாஷியோர்கர் என்பார்கள்.

மிஞ்சிய வாசல், பயாஃப்ராவுக்குள் இருந்த உலி என்ற ஊரின் விமானத்தளம். நெடுஞ்சாலையின் நேரான ஒரு துண்டை அகலப்படுத்தி ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். நீளம் சுமார் 6,000 அடி, அகலம் 75 அடி. விமானங்கள் இரவில் மட்டும் வரும். பாதை விளக்குகளை இறங்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் போடுவார்கள், ஏனென்றால் மேலே நைஜீரியக் குண்டுவீச்சு விமானம் சுற்றிக்கொண்டிருக்கும். சாவோ தோமே தீவிலிருந்து தேவாலய அமைப்புகள் கருவாடும் உப்பும் பால்பவுடரும் கொண்டுவந்தன. சிக்கல் என்னவென்றால், ஆயுத விமானங்களும் அதே பாதையில், அதே இருட்டில் இறங்கின. சோதனைக்குப் பிறகு பகலில் வரட்டும் என்றது லாகோஸ். பகலில் திறந்தால் நிவாரண விமானங்களின் மறைவில் நைஜீரியப் படை தாக்கும் என்று ஒஜுக்வு மறுத்தார். இந்தப் பிடிவாதத்தில் இரண்டு பக்கத்தையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1969 ஜூன் 5 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தின் விமானம் ஒன்றை நைஜீரிய விமானப்படை சுட்டு வீழ்த்தியது.

1970 ஜனவரி 15 அன்று பயாஃப்ரா சரணடைந்தது. ஒஜுக்வு அதற்குச் சில நாள் முன்பே ஐவரி கோஸ்டுக்குப் பறந்துவிட்டார். 'வென்றவர் இல்லை, தோற்றவர் இல்லை' என்றார் கோவோன். ஆனால் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலான இக்போ மக்கள் கைக்கு வந்தது தலைக்கு 20 பவுண்டு. பயாஃப்ரா நோட்டுகள் செல்லாக்காசாகிப் பெட்டிகளில் தங்கிவிட்டன. உன் நோட்டு மடிப்பில்லாமல் இருப்பது அதனாலும் இருக்கலாம். இவை அரிதானவை அல்ல, அதிக விலை கொடுத்துவிடாதே.

தேட வேண்டுமானால் 1969இல் அடித்த அலுமினியக் காசுகளைத் தேடு. கிடைத்தால் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்காதே. மென்மையான உலோகம், கீறல் விழும்.

அன்புடன்,
அண்ணன்