அம்மாவின் கண் எரிச்சல்

ஸ்கார்பரோ, கனடா, ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, திட்டாதே. அம்மாவுக்குக் கண் எரிகிறது, ஓயாமல் தண்ணீரும் வடிகிறது என்றால் அது எப்படி உலர்ச்சியாகும் என்று மாமா கேட்டாராமே. கண்ணீரின் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. இமை ஓரச் சுரப்பிகள் அடைத்தால் அது குறைந்து, ஈரம் சீக்கிரம் காய்ந்து கண் உறுத்தும். அந்த உறுத்தலில்தான் தண்ணீர் கொட்டுகிறது. இங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் காற்றில் பலருக்கும் இதே பாடுதான்.

முதலில் அந்த மெடிக்கல் கடை சொட்டு மருந்தை நிறுத்து. சீட்டில்லாமல் கொடுப்பதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். போட்டதும் சுகமாக இருக்கும், நாள்பட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். நந்தியாவட்டைப் பூ ஒற்றுவதும் வேண்டாம். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% என்று போட்டிருக்கும் செயற்கைக் கண்ணீர் போதும். ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் (கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து) இல்லாததாகக் கேள். கீழிமையை இழுத்து ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். குப்பி முனை இமைமயிரில் படக்கூடாது. திறந்து ஒரு மாதமானால் தூக்கிப் போடு.

காலையில் வெந்நீர்த் துணி ஒத்தடம், 10 நிமிடம். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பலருக்குப் பலிக்காமல் போவது இதனால்தான். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் சூட்டை உன் மணிக்கட்டில் பார்த்துவிட்டு வை. பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவு.

கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டரில் பவர் பார்ப்பது பரிசோதனை ஆகாது. சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்க்கிற இடமாகப் போ; 10 விநாடிக்குள் உடைந்தால் குறைதான். கீழிமையில் காகிதப் பட்டை வைத்து 5 நிமிடம் ஈரம் அளப்பதும் உண்டு. கண்பாப்பா விரிய மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல். வாய் உலர்வது, மூட்டு வலி, சளிக்குப் போடும் மாத்திரை எல்லாம் மறக்காமல் சொல். இமையைப் பார்க்காமலே விலை உயர்ந்த மருந்து எழுதுகிறவரை நான் நம்பமாட்டேன்.

மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போயேன். காலையில் போய்ச் சீட்டுப் போட்டால் அன்றே பார்த்துவிடுவார்கள். இங்கே கண் டாக்டரிடம் போக இன்னொரு டாக்டரோ ஆப்டோமெட்ரிஸ்ட்டோ (கண் பரிசோதிப்பவர்) எழுதிய கடிதம் வேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆப்டோமெட்ரிஸ்ட்டை நேரே பார்க்கலாம். ஆனால் 20 முதல் 64 வயது வரை, சர்க்கரை மாதிரி நோய் இல்லாதவர்களுக்கு வழக்கமான பரிசோதனைச் செலவை ஒன்டாரியோ அரசு தராது. என் கண்ணாடியை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம், அவசரமில்லை.

கண்பாப்பா விரியும் மருந்து விட்டால் வெயில் கூசும், பஸ் வேண்டாம், ஆட்டோவில் வீடு திரும்புங்கள். வழியில் பருத்திப்பால் வண்டி நின்றால் எனக்கும் சேர்த்து ஒரு டம்ளர் குடி. இங்கே எந்தக் கடையில் கேட்டும் கிடைக்கவில்லை.

கிழக்கு வயல் பட்டா மாறுதலுக்குச் சித்தப்பா கையெழுத்துப் போட்டாரா? தைக்குள் வாங்கிவிடு, அப்புறம் அவர் மனசு மாறிவிடும். சீட்டுப் பணம் இந்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும், மாமாவிடம் சொல்லிவை.

உன் தம்பி