ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டத்துக்கு ஒலிம்பிக் கணக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பா பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவரில் பந்தை அடித்து ஆடும் இந்த ராக்கெட் ஆட்டத்துக்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால், ஒலிம்பிக் பதக்கம் மட்டும் அவருக்குக் கைகூடவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அதுதான் உறுத்தியது.

ஒலிம்பிக்கில் இதுவரை ஸ்குவாஷே கிடையாதே! 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்தில்தான் சேர்த்தார்கள். 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் முதல் ஆட்டம். அப்போது ஜோஷ்னாவுக்கு 41 வயது. மலேசியாவின் நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக சாம்பியன், ஒன்பது வருடம் தொடர்ந்து உலகின் முதலிடத்தில் இருந்தவர். அவரும் ஒலிம்பிக் வாசலை மிதிக்காமலேதான் 2019-ல் ஓய்வு பெற்றார். கைகூடாதது அவருக்கா, ஒலிம்பிக்குக்கா?

சரி, ஜோஷ்னாவின் கணக்கை அவருடைய ஆட்டத்திலேயே பார்ப்போம். முதல் தேசியப் பட்டம் 14 வயதில். புவனேஸ்வரி குமாரி 1977 முதல் 1992 வரை விடாமல் 16 முறை ஜெயித்து வைத்திருந்த சாதனையை, 2019-ல் 17-வது பட்டத்தோடு தாண்டினார். பள்ளிக்கூட வயதில் தொடங்கி 32 வயது வரை நாட்டின் முதல் ஆளாக நிற்பது என்றால், நடுவில் எத்தனை புதுப் பெண்கள் வந்து மோதியிருப்பார்கள்! 2016-ல் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தார். 2018-ல் எகிப்தின் எல் கூனாவில் அதே நிக்கோல் டேவிட்டை நேர் செட்களில் தோற்கடித்தார்.

இன்னொரு ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பல்லிகலைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இருவரும் ஜோடியாகத் தங்கம் வென்றார்கள். தேசியப் போட்டியில் ஆண்களுக்குத் தரும் பரிசுத்தொகை பெண்களுக்கு இல்லை என்று தீபிகா சில வருடங்கள் ஆடவே வரவில்லை. சமமாக்கிய பிறகு 2016-ல் வந்தார், இறுதியில் தோழியையே ஜெயித்துப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அந்த வருடத்துச் செய்திகளில் மிகவும் பிடித்தது அதுதான்.

அப்புறம், கட்டுரை ஜோஷ்னாவை 'முன்னாள் நட்சத்திரம்' என்கிறது. எப்போது முன்னாள் ஆனார்? 2025 அக்டோபரில் 39 வயதில் ஜப்பான் ஓப்பனை வென்றார். அதே வருடம் டிசம்பரில் நம் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் கண்ணாடிக் கோர்ட் போட்டு, நாட்டு அணிகள் மோதும் ஸ்குவாஷ் உலகக் கோப்பை நடத்தினார்களே, ஹாங்காங்குக்கு எதிரான இறுதியில் முதலில் இறங்கி ஜெயித்துக் கொடுத்தவர் அவர்தான். இந்தியா முதல்முறையாக அந்தக் கோப்பையை வாங்கியது.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். இடம் இருந்தால் அந்த இறுதி ஆட்டத்தின் படம் ஒன்றும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை