சாப்பிடலாம் என்று பெயர் வைத்த விஷம்

அன்புள்ள முரளி,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். ஹெல்சின்கி சந்தையில் அரைக் கிலோ கோர்வசியெனிக் காளான் வாங்கிவிட்டேன், அதன் அறிவியல் பெயரிலேயே 'எஸ்குலென்டா' இருக்கிறது, லத்தீனில் உண்ணத்தக்கது என்று பொருள், அப்புறமென்ன பயம் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த அவசரம்.

1800இல் பெர்சூன் என்ற காளான் ஆய்வாளர் அதற்கு ஹெல்வெல்லா எஸ்குலென்டா என்று பெயர் வைத்தார். 1849இல் எலியாஸ் ஃப்ரீஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் அதைக் கைரோமிட்ரா பேரினத்தில் சேர்த்தார். கிரேக்கத்தில் கைரோஸ் என்றால் வட்டம், மிட்ரா என்றால் தலைக்கட்டு. உருண்டை முண்டாசு என்று வைத்துக்கொள். பேரினம் மாறியும் 'எஸ்குலென்டா' கூடவே வந்துவிட்டது. பொருந்தாத பெயர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ளக்கூடாது என்பது தாவரப் பெயரிடல் விதி. ஆளைக் கொல்லும் காளான் இன்றும் நற்சான்றிதழோடு திரிகிறது!

அதிலுள்ள கைரோமிட்ரின் என்ற விஷத்தை 1968இல்தான் பிரித்தெடுத்தார்கள். வயிற்றுக்குள் அது உடைந்து மோனோமெத்தில்ஹைட்ரசின் ஆகும். ராக்கெட்டுக்கு ஊற்றும் எரிபொருளடா அது! தண்ணீரில் கரையும், சுமார் 87 டிகிரியிலேயே ஆவியாகும். வேகவைத்தால் குறைவது அதனால்தான். அடுப்பருகே நின்று ஆவியை இழுத்தாலே விஷமேறுவதும் அதனால்தான்.

சமைத்தே தீருவேன் என்றால் ஜன்னலைத் திற, புகைபோக்கியைப் போடு. ஒரு பங்கு காளானுக்கு மூன்று பங்கு தண்ணீர், அதாவது உன் அரைக் கிலோவுக்கு ஒன்றரை லிட்டர். ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுத் தண்ணீரைக் கொட்டு, நன்றாக அலசு. புதுத் தண்ணீரில் இன்னொரு முறை அப்படியே. அந்தத் தண்ணீரை சூப்புக்கு எடுத்து வைக்காதே, உன் கஞ்சத்தனம் எனக்குத் தெரியும். காயவைத்ததை வாங்கினாலும் வேகவைக்காமல் தொடாதே. இவ்வளவு செய்தாலும் விஷம் முழுக்கப் போய்விடுவதில்லை. பக்கத்து ஸ்வீடனில் சாப்பிடவே வேண்டாம் என்கிறார்கள். என் ஓட்டும் அவர்களுக்கே.

பல வருஷம் தின்றும் ஒன்றும் ஆகாதவருக்கு ஒரு நாள் ஆகும். ஒன்றும் செய்யாத அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறைவு. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும், பிறகு கல்லீரல் கெடும், வலிப்பு வரும். வலிப்புக்கு வைட்டமின் பி6 ஊசி போடுவார்கள். காளான் பெயரைச் சொன்னால்தானே போடுவார்கள்? மிச்சத்தை ஒரு பையில் எடுத்துப்போ.

காஷ்மீரில் 'குச்சி' என்று விற்கும் மோரல் காளான் மாதிரியே இருக்கிறது என்றாயே, ஒன்றை நெடுக வெட்டிப் பார். மோரல் உள்ளே ஒரே வெற்றுக்குழாய், மேலே தேன்கூடு. உன் கோர்வசியெனியோ மேலே மூளை மடிப்பு, உள்ளே அறை அறையாக இருக்கும்.

என்ன செய்தாய் என்று இன்றே ஒரு வரி போடு.

உன்,
சேது