அண்ணரிடம் நீதான் சொல்ல வேண்டும்

முரசுமோட்டை

மச்சான்,

இங்கு எல்லோரும் சுகம். இவ்வளவு நாளும் எழுதாததற்கு நீ வந்து நேரிலேயே ஏசு. இப்போது ஒரு அவசரம்.

நான் அனுப்பிய குருவி வீடியோவைப் பார்த்துவிட்டுக் கதிர்க்குருவி என்று அடித்துச் சொன்னாயே, அது தையல்சிட்டு. இலை தைத்த கூட்டை வைத்து நான் சொல்லவில்லை. சாம்பல் கதிர்க்குருவியும் இலையைத் தைக்கும். தலையைப் பார். நெற்றியும் உச்சியும் செம்மண் நிறம், முதுகு பாசிப்பச்சை, வயிறு வெளிறல். உன் கதிர்க்குருவிக்குத் தலை சாம்பல். அது பறக்கும்போது ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தமும் வரும். தையல்சிட்டு பத்துக் கிராம்கூட இராது, ஆனால் கத்தினால் கிணற்றடி வரை கேட்கிறது. கத்தும்போது கழுத்தின் இரு பக்கமும் கறுப்புத் திட்டுத் தெரியும். இன்னும் நம்பாவிட்டால் முட்டையைக் கேள்: வெளிர்நீலத்தில் செம்புள்ளி. கதிர்க்குருவியின் முட்டை செங்கல் நிறத்தில் மினுங்கும். தாய் இரை தேடப் போன நேரம் ஒருக்கால் எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

1769இல் பென்னன்ட் என்ற வெள்ளைக்காரர் இந்தக் குருவியை முதன்முதல் விவரித்து எழுதியதே இலங்கைப் பறவையை வைத்துத்தான். கட்டை வாத்தியார் இருந்திருந்தால் வகுப்பையே வேலிக்கரைக்குக் கூட்டி வந்திருப்பார்!

சரி, விஷயம் இதுதான். கூடு உன் அண்ணரின் கத்தரியில், எங்கள் எல்லையோடு நிற்கும் செடியில். இலை விளிம்பில் துளையிட்டு, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் இழுத்துத் தைத்திருக்கிறது. அண்ணர் ஞாயிறு மருந்தடிக்கப் போகிறாராம். நான் சொன்னதற்கு, “குருவிக்காகக் கத்தரியை விடவா?” என்கிறார். அவர் கவலையும் நியாயம்தான், காய்க்குள் போன புழுவைக் குருவி எடுக்காது. ஆனால் இலையில் திரியும் பூச்சியையும் சின்னப் புழுவையும் விடியலிலிருந்து பொறுக்குவது இந்தச் சோடிதான். மருந்துபட்ட பூச்சியைக் குஞ்சுக்கு ஊட்டினால் என்ன ஆகும்?

அடைகாக்கப் பன்னிரண்டு நாளளவு, குஞ்சு பறக்க இன்னும் இரண்டு கிழமை. அதுவரை அந்தக் கரை வரிசைகளை மட்டும் விடட்டும். புழு துளைத்து வாடின குருத்துகளை நானே வெட்டி எரித்துத் தருகிறேன், கூலி வேண்டாம். நீ சொன்னால்தான் அவர் கேட்பார். சனிக்கிழமைக்கு முன் எடுத்துக் கதை, மறந்துவிடாதே.

உன்,
சின்னவன்